நூற்றைம்பத்துமூன்றுக்கு வந்து சேராதவர்கள்

அவரிடம் நான் முதலில் போனது என் கலியாணப் பதிவுச் சான்றிதழை எட்டுப் பிரதி எடுப்பதற்காக. எடுத்து முடித்தவர், காசைக் கேட்பதற்கு முன் என் வயதைக் கேட்டார். வெள்ளவத்தையில் முன்பின் தெரியாத பெண்ணின் வயதை யாரும் கேட்கலாம். பாதிச் சனம் வரன் தேடிக்கொண்டு திரியும் இடம் அது. எனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது என்று கையிலிருந்த சான்றிதழைக் காட்டினேன். அது தனக்குத் தேவையில்லை, வயது மட்டும் போதும் என்றார். இருபத்தேழு என்றேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, போட்டோக்கொப்பி இயந்திரம் கசக்கித் துப்பிய தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினார்.

"ரெண்டின்ர கனம் எட்டு. ஏழின்ர கனம் முன்னூற்று நாற்பத்துமூண்டு. கூட்டினா முன்னூற்று ஐம்பத்தொண்டு. இப்ப அந்த மூண்டு இலக்கத்துக்கும் தனித்தனியக் கனம் எடுத்துக் கூட்டும், பாப்பம்."

கனம் என்றால், ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை இன்னொரு தரம் அதே எண்ணால் பெருக்குவது. பள்ளிக்கூடத்தில் படித்தது, மறந்தும் போயிருந்தது. மூன்றுக்கு இருபத்தேழு, ஐந்துக்கு நூற்றிருபத்தைந்து, ஒன்றுக்கு ஒன்று. கூட்டினேன். 153 வந்தது. இன்னும் ஒரு தரம் செய் என்றார். ஒன்று, நூற்றிருபத்தைந்து, இருபத்தேழு. மறுபடியும் 153.

"இனி என்ன செய்தாலும் அசையாது," என்றார். "நீர் வந்து சேந்திட்டீர்."

எங்கே வந்து சேர்ந்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. கணவர் கனடாவில் இருந்தார். நான் வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் விசாவுக்குக் காத்திருந்தேன். ஆனாலும் அந்த மூன்று வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். காசைக் கொடுத்துவிட்டு அந்தக் கசங்கிய தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். எல்லாம் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும், என்னைப் போன்ற மொக்குகளால்.

காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவரது கொமினிகேஷன் இருந்தது. முன்னொரு காலத்தில் வெளிநாட்டு அழைப்பு எடுப்பதற்கென்று திறந்த கடை. பிறகு போட்டோக்கொப்பி, லமினேற், விசாப் படிவம் நிரப்புதல் என்று பிழைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அவரைக் கொமினிகேஷன் அக்கா என்றார்கள், நானும். விசா வரும்வரை வேறு வேலை இல்லாததால் நான் தினமும் அங்கே போய் இருக்கத் தொடங்கினேன். நாற்பது வயதிருக்கும். கொண்டைக்குக் கிளிப் கிடையாது, தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கறுப்புக் கவ்வியைத்தான் குத்தியிருப்பார். கடற்கரை ரயில் போகும்போது கடையே நடுங்கும். அவர் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுப் பெட்டிகளை எண்ணுவார். கணிதம் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் போகவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "அது நீண்ட கணக்கு," என்றார். அந்தக் கணக்கைக் கடைசிவரை அவர் எனக்குப் போட்டுக் காட்டவில்லை.

அவரால் ஒரே ஒரு காரியம் முடியாது. பிழையான எண் ஒன்று கண்முன்னே இருந்தால் அதை விட்டுவிட்டு இருக்க முடியாது. பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை. அதன் பலகையில் '24 மணி நேரமும் திறந்திருக்கும்' என்று எழுதியிருந்தது. நானா காலை ஐந்துக்குத் திறந்து இரவு பத்துக்குப் பூட்டுவார். அக்கா ஒருநாள் ஸ்டூலில் ஏறி 24ஐ வெட்டி 17 என்று எழுதிவிட்டார். நானா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "என்னா தங்கச்சி, ஊர்ல எல்லாரும் எழுதுற மாதிரித்தானே நானும் எழுதி ஈக்கன்," என்றார். ஊரில் எல்லோரும் எழுதினாலும் பதினேழு பதினேழுதான் என்றார் அக்கா. அந்த ஒழுங்கையில் மட்டும் பதினேழு மணி நேரமும் திறந்திருக்கும் தேத்தண்ணிக் கடை ஒன்று இருந்தது.

பதினேழில் அவருக்கு வேறொரு பிடிப்பும் இருந்தது. ஒன்றிலிருந்து பதினேழு வரை எல்லா எண்களையும் கூட்டினால் 153 வரும். இதை வாயால் சொன்னால் சனம் கேட்காது என்று, பாவித்து முடிந்த கைபேசி ரீலோட் கார்ட்டுகளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். கீழ்வரிசையில் பதினேழு, அதற்கு மேல் பதினாறு, இப்படியே குறைந்து உச்சியில் ஒன்று. வாடிக்கையாளர்களுக்கு அது கோபுரமாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் அதன் அடியில் ஒரு செவ்வரத்தம்பூவை வைத்துவிட்டுப் போனார். அக்கா அதை எடுத்து எறிந்தார். அடுத்த நாள் மூன்று பூ இருந்தது.

சனத்தின் மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. விசாவுக்குக் காத்திருப்பவர்களின் மூளை எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். தூதரகம் ஒன்றும் சொல்லாது. முகவர் எல்லாம் சரிவரும் என்பார், அவர் எல்லோருக்கும் அதையே சொல்வார். அந்த நேரத்தில் ஒருத்தி பென்சிலை எடுத்து உங்கள் கோப்பு எண்ணை எழுதி, வரி வரியாகக் கீழே கொண்டுபோய், வந்து சேர்ந்திட்டீர் என்று சொன்னால் என்ன நினைப்பீர்கள்? தெஹிவளையிலிருந்து வந்த ஒரு பெடியனின் கோப்பு எண் 153க்கு வந்து சேர்ந்தது. மறுநாளே அவனுக்கு விசா வந்தது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அக்கா ஒளிக்காமல்தான் சொன்னார். "மூண்டால வகுபடுற எந்த எண்ணும் வந்து சேரும். வகுபடாட்டி ஒருநாளும் சேராது. இது எண்ணின்ர குணம், உங்கட விசாவின்ர குணம் இல்லை." எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, சரி அக்கா, ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ என்றார்கள். இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்க்க ஐந்து விநாடி போதும். ஆனால் ஐந்து விநாடியில் முடியும் காரியத்துக்காக மாளிகாவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்து யாரும் வருவதில்லை. அவர்களுக்கு அந்த இறங்குமுகமான வரிகள் வேண்டும். 'இங்கே சாத்திரம் பார்க்கப்படமாட்டாது' என்று அக்கா ஓர் அறிவித்தல் ஒட்டினார். இவ்வளவு அடக்கமான சாத்திரக்காரி பொய் சொல்லமாட்டாள் என்று வரிசை இரண்டு மடங்காகியது. கடைசியில், நீண்ட எண்களால் போட்டோக்கொப்பி வேலை கெடுகிறது என்று, கடைசி நாலு இலக்கம் மட்டும்தான் பார்ப்பேன் என்று சட்டம் போட்டார். வரிசைக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போனது. எந்த எண்ணின் கடைசி நாலு என்று கோயிலில் கேட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு.

வரிசைக்கென்று தனிப் பாஷையும் உருவானது. 153க்கு வந்தால் சொந்த வீடு. 370, 371, 407 என்று வேறு மூன்று எண்களும் தம் இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் தாமே திரும்ப வரும். அவையும் வீடுதான் என்று அக்கா வாதாடினார். வெள்ளவத்தைச் சனம் அவற்றுக்கு வாடகை வீடு என்று பெயர் வைத்தது. எல்லாவற்றிலும் கெட்டது ஊஞ்சல். சில எண்கள் 244க்குப் போகும், 244 உடைந்து 136 ஆகும், 136 மறுபடி 244 ஆகும், இப்படியே முடிவில்லாமல் ஆடும். மூன்று வருடமாகக் கோப்பு இழுபடும் ஒரு ரீச்சரின் எண் ஊஞ்சலாக இருந்தது. அதிலிருந்து ஊஞ்சல் என்றால் வரிசையில் யாரும் மூச்சுவிடமாட்டார்கள்.

ஒருநாள் வரிசையில் முன்னே நின்ற ஐந்து பேருக்குள் யார் முதல் என்று தள்ளுமுள்ளு வந்தது. அக்கா வெளியே வந்து, ஐந்து பேர் வரிசையில் நிற்க நூற்றிருபது வழி இருக்கிறது, ஏன் இந்த ஒரு வழிக்காக அடிபடுகிறீர்கள் என்று கேட்டார். பிறகு அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. ஒருவர் நிற்க ஒரு வழி, இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று பேருக்கு ஆறு, நாலு பேருக்கு இருபத்துநாலு, ஐந்து பேருக்கு நூற்றிருபது, எல்லாவற்றையும் கூட்டினால் என்ன வரும் என்று சண்டைக்காரர்களைக் கேட்டார். ஒருவர் கைபேசியில் கூட்டிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். சத்தம் கேட்டு வந்த பொலிஸ்காரர் ஒருவர், இது என்ன போலிம், அதாவது என்ன வரிசை, என்று சிங்களத்தில் விசாரித்தார். அக்கா சிங்களத்தில் ஒழுங்காக விளக்கினார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தன் பதவி உயர்வுக் கடிதத்தின் எண்ணைச் சொன்னார். வாடகை வீடு. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிறகு கொட்டாஞ்சேனையில் ஒருவர் போட்டிக்குத் தொடங்கிவிட்டார் என்று தகவல் வந்தது. அக்கா கவலைப்படவில்லை. அந்த ஆள் கனம் போடாமல் வர்க்கம் போடுகிறாராம், அதாவது ஒரு தரம் மட்டும்தான் பெருக்குகிறாராம் என்று கேள்விப்பட்டதும்தான் கடையை என்னிடமும் நானாவிடமும் ஒப்படைக்கப் பார்த்தார். நான் கூடவே கிளம்பிவிட்டேன். 155 பஸ்ஸில் ஏறினோம். ஐந்தை முப்பத்தொன்றால் பெருக்கினால் 155, ஐந்திலிருந்து முப்பத்தொன்று வரையுள்ள முதன்மை எண்களைக் கூட்டினாலும் 155, இந்தக் குணம் 153க்கு இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்சம் பொறாமையோடு சொன்ன மாதிரி இருந்தது. கொட்டாஞ்சேனைக்காரர் ஒரு கலியாண அட்டை அச்சுக்கூடத்தின் மூலையில் இருந்தார். வர்க்கம் போட்டால் ஒருநாளும் 153இல் போய் நிற்காது, ஒன்றுக்கு வரும் அல்லது எட்டு எண்களுக்குள் சுற்றும் என்று அக்கா அவருக்கு மூன்று மணி நேரம் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார், எங்களுக்கு நெக்டோ சோடா வாங்கித் தந்தார். கடைசியில், ரெண்டு தரம் பெருக்கத் தனக்கு நேரம் இல்லை, அதனால் கடைசி வரியில் 153 என்று தானே எழுதிவிடுவதாகச் சொன்னார். திரும்பும் வழியில் அக்கா, பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது, "எழுதிவிடுவாராம்," என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் இருந்தது அருவருப்பு.

இதை நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அவர் எப்பேர்ப்பட்டவர் என்று தெரிந்தால்தான் மலரன்ரி விஷயம் விளங்கும்.

மலரன்ரிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கிளிநொச்சியிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார். கணவர் கனடா போய்ப் பதினொரு வருடம். மூன்று தரம் தள்ளிப்போன நேர்முகத்துக்கு ஒருவழியாகத் திகதி கிடைத்திருந்தது, வருகிற வியாழக்கிழமை. போகாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். அதிகம் கதைக்காத மனுசி. வரிசையில் கடைசியாக நிற்பார், தன் முறை வரும்போது பின்னால் வந்தவருக்கு இடம் விட்டுவிட்டு மறுபடி கடைசிக்குப் போவார். இப்படி ஒரு கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரிசை கலைந்த பிறகு, நானும் அக்காவும் மட்டும் இருந்த நேரம், உள்ளே வந்து நேர்முகக் கடிதத்தை மேசையில் வைத்தார். கடைசி நாலு இலக்கம் 6373.

அக்கா அதைப் பார்த்தார். நானும் மனதுக்குள் கூட்டினேன். பத்தொன்பது. மூன்றால் வகுபடாது.

"அன்ரி, இதில ஒண்டுமே இல்லை," என்றார் அக்கா. "நீங்கள் பேசாமல் வியாழக்கிழமை போங்கோ."

"ஒருக்காப் போட்டுக் காட்டு பிள்ளை. வந்தாப் போறன். வராட்டி இண்டைக்கே பஸ் ஏறுறன். இனி என்னால ஏலாது."

கோபத்தில் சொன்ன பேச்சில்லை அது. லொட்ஜ் அறையைக் காலி பண்ணிக் கொண்டுவந்த பை வாசலில் இருந்தது. நான் ஏதோ சொல்லப் போனேன், எண்ணில் என்ன அன்ரி இருக்கிறது என்ற மாதிரி. என் வயதுத் தாளை நான் இன்னும் கடவுச்சீட்டுக்குள் வைத்திருந்தது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா பென்சிலை எடுத்தார். ஆறின் கனம் 216. மூன்றின் கனம் 27. அடுத்தது ஏழு. பென்சில் நின்றது. ரயில் ஒன்று போனது, கடை நடுங்கியது, அவர் பெட்டிகளை எண்ணவில்லை. பிறகு எழுதினார், 342.

ஏழேழு நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பதை ஏழால் பெருக்கினால் 343. என் வாய் தானாகத் திறந்தது. மேசைக்குக் கீழே அவர் கால் என் காலை நன்றாக மிதித்தது. கடைசி மூன்றுக்கு 27. கூட்டுத்தொகை 612. சரியாகப் போட்டிருந்தால் 613 வந்திருக்கும், அது உடைந்து 244 ஆகியிருக்கும், அதாவது ஊஞ்சல். அவரோ 612ஐப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். 225. 141. 66. 432. 99. 1458. 702. அங்கே மறுபடியும் ஓர் ஏழு நின்றது. இந்த முறை 343 என்று சரியாக எழுதினார், எழுதாவிட்டால் வந்து சேராது. 351. 153. ஒரே தாளில், ஒரே பென்சிலால், ஏழுக்கு இரண்டு கனம். 24ஐ வெட்டி 17 எழுதிய கை அது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

மலரன்ரி தாளை எடுத்து மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். ஒரு முறை பார்த்துவிட்டு இரண்டாம் முறையும் பார்த்தார். பிறகு அதை லமினேற் பண்ணித் தரச் சொன்னார். அது வெறும் கசங்கல் தாள், தேவையில்லை அன்ரி என்று அக்கா மறுத்தார். அன்ரி தாளை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். வேறு வழியில்லாமல் அக்கா இயந்திரத்தைச் சூடாக்கி, தன் பிழையைத் தானே பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, தன் கையாலேயே உள்ளே தள்ளினார். மறுபக்கத்தால் அது பளபளவென்று வந்தது. அன்ரி வாசலில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு லொட்ஜுக்குத் திரும்பிப் போனார்.

ஏன் அக்கா என்று கேட்டேன். "பஸ் ஏறியிருப்பா," என்றார்.

மறுநாள் காலையில் கதவில் புது அறிவித்தல் இருந்தது. 'இனி எண் பார்க்கப்படமாட்டாது. கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது.' யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு வரிசை அப்படியே கொட்டாஞ்சேனைக்கு மாறியது. நானாவின் தேத்தண்ணி வியாபாரம் விழுந்தது, அவர் அக்காவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அக்கா கிடைத்த தாளிலெல்லாம் 343, 343 என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அங்கே பிரதி எடுத்தவர்களின் பிறப்புச் சான்றிதழ்களின் பின்புறத்தில் அது பென்சிலால் இருந்தது. தூதரகம் அதைப் பற்றி என்ன நினைத்ததோ தெரியாது. சுவரிலிருந்த ரீலோட் கார்ட்டுகளையும் கழற்றிவிட்டார். இவ்வளவு பெரிய தண்டனை ஓர் ஒன்றுக்காகவா என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

என் விசா அடுத்த மாதம் நிராகரிக்கப்பட்டது. என் கோப்பு எண்ணும் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த எண்தான், ஆறே வரியில். நான் கடைக்குப் போய் வெறிபிடித்தவள் மாதிரி அக்காவோடு சண்டை போட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூன்றால் வகுபடுகிறது என்றுதானே சொன்னேன், விசா தருவார்கள் என்று நான் எப்போது சொன்னேன் என்று மெதுவாகக் கேட்டார். சொல்லவில்லைத்தான். பிறகு நாலு நாள் என்னோடு உட்கார்ந்து மேன்முறையீட்டை நிரப்பித் தந்தார், காசு வாங்கவில்லை. அது சரிவந்தது வேறு கதை.

அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஒருநாள்தான் மலரன்ரி வந்தார். விசா கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பயணம். சிவப்புக் கரைச் சேலை, தலையில் பூ, கையில் ஒரு பெட்டி லட்டு. அக்கா லட்டைத் தொடவில்லை. எழுந்து நின்றார், தலைமை ஆசிரியர் முன்னே நிற்கும் பிள்ளை மாதிரி.

"அன்ரி, அந்தத் தாளில ஒரு பிழை இருக்கு. தெரியாமல் விட்டதில்லை, வேணுமெண்டு விட்டனான். தாங்கோ, திருத்தித் தாறன்."

மலரன்ரி கைப்பையைத் திறந்து தாளை வெளியே எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை.

"ஏழின்ர கனம்தானே? முன்னூற்று நாற்பத்துமூண்டு. நான் அறையில இருந்து அஞ்சு தரம் போட்டுப் பாத்திட்டுத்தான் உன்னட்ட வந்தனான். அஞ்சு தரமும் ஊஞ்சல்."

நான்தான் கேட்டேன், தெரிந்துகொண்டா நேர்முகத்துக்குப் போனீர்கள் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பதினொரு வருஷமா எல்லாரும் எனக்கு உண்மையைத்தான் சொன்னவை பிள்ளை. சரிவராது, வயது போட்டுது, அந்தாள் மறந்திருப்பார் எண்டு. எனக்காக ஒரு பொய் சொல்லுவம் எண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை. ஒரு ஒண்டைக் குறைச்சு எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்ததெண்டு நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். அதுக்குப் பிறகு நான் எப்பிடிப் போகாமல் இருக்கிறது?"

அக்கா அழுதார். நாற்பது வயது மனுசி, கொண்டையில் கவ்வியோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். அப்படியும் அவர் குணம் போகவில்லை. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையைத் தாளுக்காக நீட்டினார். இருந்தாலும் அது பிழைதானே அன்ரி, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், வேறு தாளில் சரியாகப் போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினார்.

மலரன்ரி தாளைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினார்.

"நீ திருத்தாமல் இருக்கமாட்டாய் எண்டு தெரிஞ்சுதானே பிள்ளை அண்டைக்கே லமினேற் பண்ணித் தரச் சொன்னனான்."